மஞ்சள் தின்ற எலிகளும் எங்கள் பிள்ளைகளும்

"ஓட்டிசத்துக்கு மஞ்சளே மருந்து", "மூளையைக் காக்கும் மூலிகை, ஆய்வில் நிரூபணம்". இந்த மாதிரித் தலைப்புகள் எங்கள் போன்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒருமுறை மஞ்சள், அடுத்தமுறை நீர்ப்பிரமி, பிறகு திராட்சைத் தோல், ப்ரொக்கோலி முளை. அனுப்புகிறவர் பெரும்பாலும் ஒரு சித்தியோ, மாமியோ, கனடாவில் இருக்கிற ஒரு அண்ணாவோதான். கெட்ட எண்ணத்தில் யாரும் அனுப்புவதில்லை. சொந்தத்துக்குள் ஒரு பிள்ளை நாலு வயதாகியும் கதைக்கவில்லை என்றால், எதையாவது செய்து பார்க்கத்தான் மனம் வரும்.

அந்தச் செய்திகளை முழுப்பொய் என்று தூக்கி எறியவும் ஏலாது. பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கு. ஆனால் தலைப்பில் இருக்கிற "பிள்ளை" ஆய்வுக்குள் இல்லை. அங்கே இருப்பது எலி. அந்த எலிக்கு என்ன செய்தார்கள், எப்போது மருந்து கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்காமல் எந்தக் குளிசைப் போத்தலையும் ஒரு பிள்ளைக்காகத் திறக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. இன்னொன்றும் இருக்கு. இதே எலியின் கதைக்குள் எங்கள் பெண்களுக்கு மிகவும் தேவையான ஓர் எச்சரிக்கை இருக்கு. அதைத்தான் யாரும் ஃபோர்வேர்ட் பண்ணுவதில்லை.

எலிக்கு ஓட்டிசம் வருமா?

வராது. எலிக்கு ஓட்டிசம் என்று ஒரு டொக்டர் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டிசத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுகிற சில நடத்தைகளை எலியில் உண்டாக்கலாம். அதைத்தான் "விலங்கு மாதிரி" என்கிறார்கள்.

இந்தக் கதை ஒரு குளிசையில் தொடங்குது. கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கை கால் குறைபாட்டோடு பிறக்க வைத்த தாலிடோமைட் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மருந்தால் பாதிக்கப்பட்டவர்களை சுவீடனில் பின்தொடர்ந்து பார்த்து, 1994இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கருவின் மிக ஆரம்ப நாட்களில், கிட்டத்தட்ட 20ஆம் நாளுக்கும் 24ஆம் நாளுக்கும் இடையில், மருந்து சேர்ந்த சிலரிடம் ஓட்டிசம் இருந்தது தெரிய வந்தது. அதே காலத்தில் வல்ப்ரோவேற் என்ற வலிப்பு மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுத்த தாய்மாரின் பிள்ளைகள் பற்றியும் சந்தேகம் எழுந்திருந்தது. 1996இல் அமெரிக்காவின் றொசெஸ்டரில் பட்ரீசியா றோடியரின் குழு, கருவுற்ற எலிகளுக்கு வல்ப்ரோவேற் ஊசி போட்டு, பிறந்த குட்டிகளின் மூளையைப் பார்த்தது. அன்று தொடங்கிய வழிதான் இன்றைக்கும் உலகம் முழுக்க நடக்குது. கர்ப்பத்தின் 12ஆம், 13ஆம் நாளளவில் ஒரு கிலோ உடல் எடைக்கு 500 அல்லது 600 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் ஒரே ஊசி. வலிப்புக்கு மனிதர் எடுக்கிற அளவைவிட இது பலமடங்கு.

பிறந்த குட்டிகள் வளர்ந்த பிறகு சோதனை. மூன்று அறை உள்ள ஒரு பெட்டிக்குள் விடுவார்கள். ஒரு பக்கம் இன்னொரு எலி, மறுபக்கம் வெறும் சாமான். எலியிடம் போகுதா, சாமானிடம் போகுதா என்று நேரம் கணக்கெடுப்பார்கள். சுண்டெலியென்றால், மரத்தூளுக்கு மேல் போளைகளை அடுக்கி, எத்தனை போளையைத் தோண்டிப் புதைக்குது என்று எண்ணுவார்கள். கூட்டாளியைத் தேடாத, திரும்பத் திரும்ப ஒன்றையே செய்கிற குட்டிதான் ஓட்டிச மாதிரி.

மூலிகை எங்கிருந்து வந்தது?

"அன்டிஒக்சிடன்ட்" என்று விளம்பரங்களில் கேட்கிற சாமானுக்கு எங்கள் பாடப்புத்தகத் தமிழ் ஒட்சியேற்ற எதிரி. உடல் ஒட்சிசனைப் பாவிக்கும்போது சுயாதீன மூலிகங்கள் உருவாகும். அவை மிஞ்சிப்போனால் கலங்களின் கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் பழுதாக்கும். மூளை எங்கள் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் எடுக்கிற ஒட்சிசனில் கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அது தின்னுது. அதனால் இந்தப் பாதிப்புக்கு அது இலகுவில் ஆளாகும். 2004இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஜில் ஜேம்ஸின் குழு, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் குளூட்டாதயோன் என்ற இயற்கையான ஒட்சியேற்ற எதிரி குறைவாக இருப்பதைக் காட்டியது. இது காரணமா, விளைவா என்பது வேறு கேள்வி. ஆனாலும் தாவரங்களில் தேடிப் பார்க்க நியாயமான காரணம் ஒன்று கிடைத்தது.

தேடினார்கள். 2012இல் இந்திய ஆய்வாளர்கள் வல்ப்ரோவேற் எலிகளுக்கு நீர்ப்பிரமிச் சாறு கொடுத்தார்கள். நடத்தையும் ஒட்சியேற்ற அளவுகளும் முன்னேறின. 2015இல் சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் எலிகளின் மூளைக்குள் புரொப்பியோனிக் அமிலத்தை ஊசியால் ஏற்றி ஓட்டிச மாதிரியை உண்டாக்கி, மஞ்சளில் இருக்கிற குர்குமினை 4 கிழமை வாயால் கொடுத்தார்கள். அங்கேயும் முன்னேற்றம். 2014இல் பிரேசிலில் திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரோலைக் கொடுத்தபோது குட்டிகளின் கூடிப் பழகும் தன்மை காப்பாற்றப்பட்டது. இவை எல்லாம் நடந்தவை. இனித்தான் எங்கள் கேள்விகள்.

நாலு கேள்விகள்

முதலாவது, குணமானது எது? வல்ப்ரோவேற்றும் மூளைக்குள் ஏற்றிய அமிலமும் ஒட்சியேற்றப் பாதிப்பை உண்டாக்குகிறவை. அந்தப் பாதிப்பை வேண்டுமென்றே உண்டாக்கிவிட்டு, அதற்கு எதிரான பொருளைக் கொடுத்தால் பலன் வருவதில் பெரிய அதிசயம் இல்லை. நெருப்பு வைத்துவிட்டுத் தண்ணி ஊற்றினால் அணையும். தண்ணி நெருப்பை அணைக்கும் என்பது அதில் உறுதியாகுது. ஆனால் மனிதரில் ஓட்டிசம் பெரும்பாலும் பல நூறு மரபணுக்களோடு சம்பந்தப்பட்டது. ஒரு பிள்ளையின் மூளை வேறு மாதிரி வளர்ந்திருக்கு என்றால் அங்கே நெருப்பு எரியுது என்று அர்த்தமில்லை.

இரண்டாவது, எப்போது கொடுத்தார்கள்? பிரேசில் ஆய்வில் ரெஸ்வெரட்ரோல் போனது தாய் எலிக்கு. அதுவும் வல்ப்ரோவேற் ஊசிக்குப் பல நாள் முன்பே தொடங்கி. பாதிப்பு வர முதலே தடுத்தார்கள். எங்கள் கையில் செய்தி வரும்போது பிள்ளைக்கு நாலு வயது. "பாதுகாப்பு" என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் மூடி மறைத்துவிடுது.

மூன்றாவது, எவ்வளவு? சண்டிகர் ஆய்வில் கொடுத்த உச்ச அளவு ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் குர்குமின். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற வழக்கமாகப் பாவிக்கிற கணக்கில், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது நாளுக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 65 கிராம் மஞ்சள் தூள், இருபது தேக்கரண்டிக்கு மேல். கறிக்குப் போடுகிற அரைத் தேக்கரண்டியும் பாலில் கலக்கிற ஒரு சிட்டிகையும் இந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது. போதாக்குறைக்கு, குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் ஈரல் உடனே மாற்றிவிடும். 2017இல் மருந்து இரசாயனவியலாளர்கள் சிலர் அதுவரை வந்த குர்குமின் ஆய்வுகளை எல்லாம் புரட்டிப் பார்த்து, மருந்தாக்குவதற்கு மிகவும் தோதில்லாத மூலக்கூறு அது என்றே எழுதினார்கள்.

நாலாவது, எத்தனை எலி? இது சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஊசி போட்டது தாய்க்கு. ஒரு தாய்க்குப் பத்துக் குட்டி பிறந்தால் பத்தும் சகோதரங்கள், ஒரே வயிற்றில் வளர்ந்தவை. அவற்றைப் பத்துத் தனிச் சோதனையாக எண்ணக் கூடாது. ஒரு ஈற்றை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். 2013இல் இரண்டு ஆய்வாளர்கள் வல்ப்ரோவேற் மாதிரியில் வந்த 34 கட்டுரைகளைப் பார்த்தபோது, 3 மட்டுமே இதைச் சரியாகச் செய்திருந்தன. மிச்சத்தில் வந்த "குறிப்பிடத்தக்க முன்னேற்றங்கள்" எத்தனை நிலைக்கும் என்று யோசியுங்கள்.

மனிதரில் பார்த்தபோது

எலியிலிருந்து மனிதருக்கு வந்த தாவரப் பொருள்களில் அதிகம் பேசப்பட்டது ப்ரொக்கோலி முளையில் கிடைக்கிற சல்ஃபோராஃபேன். 2014இல் அமெரிக்காவில் 13 முதல் 27 வயது வரையான 44 ஆண்களில் 18 கிழமை சோதித்தார்கள். பொய் மருந்து எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. நியாயமான சோதனைதான், நாங்களும் குறை சொல்லவில்லை.

ஆனால் விஞ்ஞானத்தில் ஒருமுறை என்பது காணாது. 2021இல் வெளியான அடுத்த சோதனையில், 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளில், மருத்துவர்கள் மதிப்பிட்ட அளவுகோலில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. பராமரிப்பவர்கள் நிரப்பிய கேள்விக்கொத்து ஒன்றில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். 2023இல் செக் நாட்டில் 40 சின்னப் பிள்ளைகளில் 36 கிழமை கொடுத்துப் பார்த்தபோது பலன் ஒன்றும் தெரியவில்லை. முதலாவது செய்தி உங்கள் போனுக்கு வந்திருக்கும். மற்ற இரண்டும் வந்திருக்காது.

"எங்கட பிள்ளை குளிசை எடுத்த பிறகு கண்ணைப் பார்த்துக் கதைச்சவன், அது பொய்யோ?" என்று ஒரு அம்மா கேட்டால் என்ன சொல்வது? அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் குளிசை இல்லாமலும் வளருவார்கள், மாறுவார்கள். நம்பிக்கையோடு பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் கூடுதலாகவும் தெரியும். 1998இல் செக்ரெட்டின் என்ற குடல் ஹோர்மோன் ஓட்டிசத்துக்கு நல்லது என்ற செய்தி அமெரிக்காவைக் கலக்கியது. அடுத்த வருசம் 60 பிள்ளைகளில் முறையாகச் சோதித்தார்கள். மருந்து எடுத்த பிள்ளைகளும் முன்னேறினார்கள், வெறும் உப்புத் தண்ணி ஊசி போட்ட பிள்ளைகளும் முன்னேறினார்கள். இரண்டுக்கும் வித்தியாசமில்லை. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதமான பெற்றோர் அந்த மருந்தில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பெற்றோரைப் பார்த்து நாங்கள் சிரிக்க மாட்டோம். வேறு ஒன்றும் கையில் கொடுக்காமல் இதையும் பறித்தால் அவர்கள் எதைப் பிடிப்பது?

"தீங்கில்லைத்தானே?"

கடைசியில் எல்லா வாதமும் இங்கேதான் வந்து நிற்கும். இயற்கைச் சாமான், தீங்கில்லை, கொடுத்துப் பார்ப்பம். கறியில் போடுகிற மஞ்சளுக்கு இது சரி. மஞ்சள் போட்ட சொதியை யாரும் நிறுத்த வேண்டாம். குளிசையாக அடைத்து விற்கிற குர்குமின் வேறு கதை. அமெரிக்காவில் மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரின் விபரத்தை 2022இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதில் ஒருவர் இறந்தார். உறிஞ்சல் கூடட்டும் என்று பல குளிசைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் குர்குமினை மட்டும் தூக்கிவிடாது. பெனிட்டோயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மருந்துகளின் இரத்த அளவையும் கூட்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வலிப்பும் இருக்கு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பங்களாதேசில் நடந்ததும் தெரிந்திருக்க வேண்டியது. மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வரட்டும் என்று ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசி விற்றார்கள். பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயத்தைப்போல் கெடுதலான சாமான் குறைவு. 2019இல் ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்த பிறகு அரசு இறங்கிச் சோதனை நடத்தி நிறுத்தியது. மூளையைக் காக்க என்று வாங்குகிற பொடிக்குள் என்ன இருக்கு என்று கேட்கிற உரிமையும் கடமையும் எங்களுக்கு இருக்கு.

யாரும் அனுப்பாத செய்தி

இப்போது அந்த எச்சரிக்கைக்கு வருவோம். எலியில் ஓட்டிச மாதிரியை உண்டாக்கப் பாவிக்கிற வல்ப்ரோவேற் ஏதோ ஆய்வுகூட நஞ்சு இல்லை. வலிப்புக்கும் வேறு சில மனநல நிலைகளுக்கும் எங்கள் நாட்டுக் கிளினிக்குகளிலும் எழுதப்படுகிற மருந்து. நல்ல மருந்தும்கூட, பலரின் வலிப்பைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கு. ஆனால் கர்ப்பத்தில் அது கருவைப் பாதிக்கும். டென்மார்க்கில் 1996 முதல் 2006 வரை பிறந்த ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில், பொதுவாக 1.53 சதவீதமாக இருந்த ஓட்டிசம், கருவில் வல்ப்ரோவேற் சேர்ந்த பிள்ளைகளில் 4.42 சதவீதமாக இருந்தது. உடற் குறைபாடுகளும் கற்றல் சிரமங்களும் இதற்கு மேலால். 2018இல் ஐரோப்பிய மருந்து அதிகாரசபை கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023இல் உலக சுகாதார அமைப்பு, பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இதை எழுதக் கூடாது என்று அறிவித்தது.

எங்கள் வாசகர்களில் வலிப்புக்கு மருந்து எடுக்கிற பெண்கள் இருக்கலாம். வலிப்பை வெளியில் சொல்லாமல் மறைத்துக் கலியாணம் பேசுகிற சமூகம் இது. மறைக்கிற பெண்ணால் டொக்டரிடம் "நான் பிள்ளை பெறப்போறன், இந்தக் குளிசை சரியோ" என்று எப்படிக் கேட்க முடியும்? கேளுங்கள். கர்ப்பம் வர முதலே கேளுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால் இதை வாசித்துவிட்டுக் குளிசையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. ஏற்கெனவே எடுத்த தாய்மார் தங்களைக் குற்றம் சாட்டவும் தேவையில்லை. அந்த 4.42 சதவீதம் போக மிச்ச 95க்கும் மேற்பட்ட சதவீதப் பிள்ளைகளுக்கு ஓட்டிசம் வரவில்லை. பெரும்பாலான ஓட்டிசத்துக்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தமும் இல்லை.

மஞ்சளைப் பற்றிய எலிச் செய்தி பத்துப் பேருக்குப் போகுது. அந்த எலியை அப்படியாக்கிய மருந்து பற்றிய செய்தி ஒருவருக்கும் போகவில்லை. விற்கக்கூடிய நம்பிக்கைதான் ஓடுது. விலையில்லாத எச்சரிக்கை நிற்குது.

அப்ப என்னதான் செய்யிறது?

2009இல் வெளியான ஒரு இலங்கை ஆய்வு, அரைநகர்ப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் ஓட்டிசத்தோடு இருப்பதாகக் கண்டது. அப்படியென்றால் ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறார்கள். தமிழில் கதைக்கிற பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்களோ கொஞ்சப் பேர்தான். இந்த இடைவெளியில்தான் குளிசைப் போத்தல் நுழையுது.

ஆனால் காசு இல்லாத இடத்திலும் செய்யக்கூடியது இருக்கு என்று எங்கள் பக்கத்து நாடுகளே காட்டியிருக்கின்றன. 2016இல் வெளியான ஒரு சோதனையில், கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையான 65 பிள்ளைகளைச் சேர்த்து, அதில் கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகளின் வீட்டாருக்கு, விசேட நிபுணர்கள் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை என்ன பார்க்குது, எதுக்குக் கை நீட்டுது என்று கவனித்து, அதுக்கு ஏற்றமாதிரிப் பதில் சொல்லப் பழக்கினார்கள். 6 மாதத்தில் 12 சந்திப்பு. பெற்றோர் பிள்ளையோடு ஒத்துப்போவது கூடியது, பிள்ளையாகக் கதையைத் தொடங்குவதும் கூடியது. எல்லா அளவிலும் முன்னேற்றம் வந்தது என்று இல்லை. ஆனாலும் இது மனிதப் பிள்ளைகளில், எங்களைப்போன்ற வீடுகளில் கிடைத்த பலன். எங்கள் கிராமங்களிலும் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். முன்பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தமிழில் கொடு என்று கேட்பது எங்களைப்போன்ற இளம் ஆட்களின் வேலை.

அடுத்த தடவை சித்தி அந்தச் செய்தியை அனுப்பும்போது குறூப்பில் வைத்து அவரை வெட்கப்படுத்தாதீர்கள். "எலியிலயோ, பிள்ளையிலயோ சித்தி?" என்று ஒரு கேள்வி போதும். பிறகு ஒரு போன் எடுத்து, பிள்ளையின் தாய் எப்படி இருக்கிறா, ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் வந்து பிள்ளையோடு இருந்தால் அவவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமோ என்று கேளுங்கள்.

போய் இருக்கும்போது பிள்ளை போளைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கலாம். ஆய்வுகூடத்தில் அது குறைக்க வேண்டிய ஒரு எண்ணிக்கை. வீட்டில் அது அவனுடைய விளையாட்டு. பக்கத்தில் இருந்து, அவன் விட்டால், அடுத்த போளையை எடுத்துக் கொடுங்கள்.